பெற்றோரை வளர்த்தது எது? யாழ்ப்பாணத்துப் பிள்ளை வளர்ப்பும் நமது எழுத்தும்

பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இயற்கைத் தூய்மையோடுதான் பிறக்கிறது, அதைப் பிறிதொன்றாக ஆக்குபவர்கள் அதன் பெற்றோரே என்னும் கருத்தமைந்த நபிமொழியைக் கேட்டிராத முஸ்லிம் வாசகர் இருக்க முடியாது. ஜும்ஆப் பிரசங்கங்களிலும், பாடசாலைகளின் பெற்றார் கூட்டங்களிலும், நமது சஞ்சிகைகளின் சமூகப் பக்கங்களிலும் அது திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அதைத் தொடர்ந்து வழக்கமாக வருவது புத்திமதி. வாப்பா கண்டிக்க வேண்டும், உம்மா கவனிக்க வேண்டும், வீட்டில் மார்க்கம் இருக்க வேண்டும். பிள்ளையை ஆக்குபவர்கள் பெற்றோர் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பெற்றோரை ஆக்கியது எது என்ற கேள்விக்குள் நாம் போவதில்லை.

நமது சிறுகதைகளில் பெரும்பாலானவையும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகின்றன என்பது என் கணிப்பு. வாப்பா சவூதிக்குப் போகிறார், மகன் கெட்டுப்போகிறான். உம்மா பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போகிறாள், மகளின் படிப்பு குழம்புகிறது. கடைசிப் பந்தியில் மௌலவியோ ஆசிரியரோ வந்து நல்வார்த்தை சொல்கிறார். நல்ல பெற்றோர், கெட்ட பெற்றோர் என்ற இரண்டு அச்சுகளில் வார்த்தெடுக்கப்படும் இக்கதைகளில், அந்த வாப்பா போன இடத்தில் யாருக்குக் கீழ் நின்று என்ன பழகினார், திரும்பி வந்தபின் மகனோடு எந்தக் குரலில் பேசினார் என்பன எழுதப்படாமலே போகின்றன.

இக்கேள்வியை யாழ்ப்பாணக் குடாநாட்டை வைத்து ஆராய்வது பொருத்தமானது எனக் கருதுகிறேன். அங்கே உயர்சாதிச் சைவக் குடும்பமும், ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பமும், சோனகத் தெருவின் முஸ்லிம் குடும்பமும் ஒரே நகரத்துக்குள், ஒரே மொழி பேசிக்கொண்டு, பிள்ளைகளை வெவ்வேறு விதமாக வளர்த்தன. அதற்கு மேலாக, 1990இல் ஒரு சமூகத்தின் பின்புலம் மாத்திரம் ஒரே நாளில் மாற்றப்பட்டது. பெற்றோர் அதே பெற்றோர், மார்க்கம் அதே மார்க்கம். வளர்ப்பு மட்டும் முன்போல் இருக்கவில்லை. பெற்றோரின் சிந்தனைக்கும் அவர்களது சமூக இருப்புக்குமுள்ள உறவை அறிய இதைவிடத் துலக்கமான, இதைவிடக் கொடிய உதாரணம் நம்மிடம் இல்லை.

*

பெற்றோரின் சிந்தனையை அவரவர் குணமாக மட்டும் பார்ப்பது போதாது என்பதைப் பிறநாட்டு ஆய்வுகள் ஏலவே காட்டியுள்ளன. அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோன் வாஷிங்டனிலும் இத்தாலியின் டூரின் நகரிலும் பெற்றோரிடம் கேட்டறிந்தவற்றை 1969இல் நூலாக்கினார். மேலதிகாரியின் கண்காணிப்பில் சொன்னதைச் செய்யும் தொழிலாளர் தம் பிள்ளையிடம் கீழ்ப்படிவை எதிர்பார்த்தனர். தாமே தீர்மானம் எடுக்க இடமுள்ள தொழில் செய்தோர், பிள்ளை சுயமாக யோசிப்பதை விரும்பினர். தொழிலிடத்தில் பிழைத்துக்கொள்ள எந்தக் குணம் உதவியதோ அதையே இருசாராரும் வீட்டில் நற்குணமாகக் கற்பித்தனர்.

துருக்கிய உளவியலாளர் சிடெம் காயிட்சிபாஷி இதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். முதுமைக் காலத்துக்குப் பிள்ளை ஒன்றே ஆதாரமாக உள்ள இடத்தில் பெற்றோர் கீழ்ப்படிவையே முதலில் வேண்டுகின்றனர். நகரமும் நிலையான வருமானமும் வந்தபின் அத்தேவை தளர்கிறது, ஆனால் பாசப் பிணைப்பு அதனோடு சேர்ந்து தளர்ந்துவிடுவதில்லை என்று அவர் எடுத்துக் காட்டினார். மேற்கத்தையக் குடும்பமே எல்லோரும் போய்ச்சேர வேண்டிய இடம் என்ற எண்ணத்தை, முஸ்லிம் குடும்பங்களைக் கொண்டே அவர் மறுத்தது நமது கவனத்துக்குரியது.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பு, 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இப்பொருளைத் தொட்டிருக்கிறார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை, அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யையும் பாசாங்கையும் பழகிக்கொள்கிறது, நாளடைவில் அதுவே அதன் சுபாவமாகிவிடுகிறது என்பது அவரது வாதம். அத்தோடு நில்லாமல், அடக்குமுறைக்கு உட்பட்ட சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்று சொல்கிறார். வீட்டுப் பிரம்பையும் அரசின் பிரம்பையும் ஒன்றாக வைத்து யோசித்தவர் அவர். “தோல் உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு” என்று சொல்லிப் பிள்ளையை லெப்பையிடம் ஒப்படைத்த நமது முன்னோர், மார்க்கத்துக்கு உகந்ததைச் செய்வதாகவே நம்பினர். நமது அறிவு மரபிலேயே அதற்கு மறுப்பு இருந்தது. அது ஓதப்பள்ளியின் வாசலுக்கு வந்து சேரவில்லை.

*

“கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்” என்பது யாழ்ப்பாணத்தார் தம்மைத் தாமே பகடி செய்துகொள்ளும் வாசகம். பகடிக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் உண்டு. ஆறில்லாத நிலம், கிணற்று நீரை நம்பிய தோட்டம், சீதனமாகத் துண்டுபடும் காணி. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு நடுத்தரக் குடும்பம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக் கூடியதாக இருந்தது படிப்பு ஒன்றே. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி வந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனும் சைவமும் போட்டியிட்டுத் திறந்த பாடசாலைகள் வழியாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகத்தர் போயினர். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவருக்கு வேண்டிய புள்ளிகள் உயர்ந்தபோது, வீட்டின் பிடி இன்னும் இறுகியது. விடியப்புறத்தில் பிள்ளையை எழுப்பும் தாயும், ரியூட்டரி வாசலில் சைக்கிளோடு நிற்கும் தகப்பனும் இந்த வரலாற்றின் பிள்ளைகளே. பேராசிரியர் கா. சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகத்தின் ‘கருத்துநிலை’ குறித்து எழுதியவை (நூலாக 2000) இவ்விடத்தில் துணைசெய்வன. தனி மனிதரின் எண்ணம் போலத் தோன்றுவது ஒரு சமூகத்தின் இருப்பிலிருந்து ஊறி வருவது என்பதை அவர் வலியுறுத்தி வந்தார்.

புனைவு இதை எப்படிப் பிடித்தது? எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ நாவலில், கொழும்பில் வேலை பார்க்கும் எழுதுவினைஞன் லீவில் யாழ்ப்பாணம் வருகிறான். நாவலின் அக்கறை கணவன் மனைவி உறவு பற்றியது. ஆனால் பிள்ளை வளர்ப்பு என்ற கண்ணோடு அதைப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது வேறொன்று. தகப்பன் அங்கே விருந்தாளி. உத்தியோகம் தகப்பனை வீட்டிலிருந்து எடுத்துவிட்டு, அவன் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறது. பிள்ளையை அன்றாடம் வளர்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள். எந்தப் புத்திமதியும் சொல்லாமல் எஸ்.பொ. இதைக் காட்டிவிட்டார்.

அதே நகரத்தில் டொமினிக் ஜீவா (1927-2021) வளர்ந்தார். சவரத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, சாதியின் பெயரால் பாடசாலையில் அவமதிக்கப்பட்டு, இளமையிலேயே படிப்பை இழந்தவர். கஸ்தூரியார் வீதியில் சலூன் நடத்திக்கொண்டே எழுதினார். 1966இல் தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ‘மல்லிகை’யை வெளியிட்டார். நம் முஸ்லிம் எழுத்தாளர் பலருக்கு அச்சிதழே முதற்களமாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. அவரது சுயவரலாறான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ 1999இல் வெளிவந்தது. “படித்தால் முன்னேறலாம்” என்று உத்தியோகத்தர் வீட்டில் சொல்லப்பட்ட அதே வாக்கியம், ஜீவாவின் தெருவில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். வகுப்பறையிலேயே பிள்ளை இழிவுபடுத்தப்படும் என்பதை அறிந்த தாய்தகப்பன் பிள்ளையைத் தொழிலுக்கு அழைத்துக்கொள்வதை அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியுமா? அது பிள்ளையைக் காக்கும் ஒரு வழியாகவும் இருந்திருக்கலாம். கல்விமேல் நம்பிக்கை வைப்பதற்கும் ஒரு சமூகத் தகுதி வேண்டியிருந்தது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) மூன்றாவது வகை. ஊர்ச் சண்டியனான தகப்பனின் பட்டப்பெயர் மகன்மேல் ஏறிவிடுகிறது. மகன் இயக்கத்துக்குப் போனாலும், புலம்பெயர்ந்து பாரிசுக்குப் போனாலும் அது இறங்குவதாயில்லை. தகப்பனின் முரட்டுத்தனத்தை ஆசிரியர் மன்னிக்கவுமில்லை, பிரசங்கம் செய்யவுமில்லை. வன்முறை எந்தக் கை வழியாக எந்தக் கைக்கு வருகிறது என்பதை மட்டும் தொடர்ந்து செல்கிறார். நமது கதைகளில் நான் தேடிக் காணாதது இந்த நிதானத்தையே.

*

இனி நமது பக்கம் வருவோம். சோனகத் தெருவில் பிள்ளை வளர்ப்பு கடையை ஒட்டி நடந்தது. இரும்புக்கடை, புடவைக்கடை, இறைச்சிக்கடை, தையல் என்று தொழில்கள். ஓதப்பள்ளி முடிந்த பையன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கணக்கையும், ஆளின் முகம் பார்த்துப் பேசுவதையும் கற்றான். வியாபாரிக்கு மகன் தேவைப்பட்டது இப்போது, பதினைந்து ஆண்டுக்குப் பிறகல்ல. மிஷன் பாடசாலைக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயமும் கூட இருந்தது. உத்தியோகத்தர் வீடு பரீட்சையை நம்பியது போல, வியாபாரியின் வீடு பழக்கத்தையும் நாணயத்தையும் நம்பியது. இதைப் பின்தங்கிய மனோபாவம் என்று தூக்கியெறிவது எளிது. தன் உலகுக்கு ஏற்ற ஒரு கல்வியாகவும் அது இருந்தது.

இத்தெருச் சூழலிலிருந்து ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911-1973) வந்தார். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, முகம்மதியா கலவன் பாடசாலையில் படித்து, பின் வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும் அங்கிருந்து யாழ் இந்துக் கல்லூரிக்கும் போனார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தார். முஸ்லிம் பிள்ளையைச் சைவப் பாடசாலைக்கு அனுப்பும் துணிவு அவரது தகப்பனாருக்கு எப்படி வந்தது? தகப்பனார் எஸ்.எம். அபூபக்கர் ஒரு புறக்டர், காதியாகவும் இருந்தவர். நீதிமன்றத்தின் மொழியையும் பள்ளிவாசலின் மொழியையும் ஒருசேர அறிந்தவருக்கு, மகன் ஒன்றைக் கற்றால் மற்றதை இழப்பான் என்ற பயம் இருக்கவில்லை என நான் கருதுகிறேன். தெருவின் மற்றத் தகப்பன்மார் அவரைவிடக் குறைந்த பாசமுள்ளவர்கள் அல்லர். அவர் கண்ட உலகத்தை அவர்கள் காணும் வாய்ப்புத்தான் இருக்கவில்லை.

இதை எல்லோரையும்விட நன்றாக உணர்ந்தவர் அஸீஸ் என்பதற்கு அவர் செய்த வேலையே சான்று. 1945இல் அவர் முன்னின்று அமைத்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, படிக்கக் கூடிய பிள்ளையின் கையில் பணத்தைக் கொடுத்தது. “பிள்ளையைப் படிக்க வையுங்கள்” என்ற சொற்பொழிவுகள் பெற்றோரின் சிந்தனையைத் திருத்த முயன்றன. அஸீஸ் அவர்களது பின்புலத்தில் கை வைத்தார். மகன் கடையில் நில்லாவிட்டால் வரும் நட்டத்தை யாராவது ஈடுசெய்தால், சிந்தனை தானாக இடம்மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

*

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் அழைத்து, 2 மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். அம்மாத இறுதிக்குள் வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் துரத்தப்பட்டனர், பெரும்பான்மையோர் புத்தளத்தை அடைந்தனர். இவ்வரலாற்றை நம் வாசகர் அறிவர். பிள்ளை வளர்ப்புக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கடை போயிற்று. கடையோடு, மகனுக்குக் கற்பிக்க வாப்பாவிடம் இருந்த பாடமும் போயிற்று. நேற்றுவரை தராசைப் பிடித்தவர் நிவாரண வரிசையில் பங்கீட்டு அட்டையோடு நின்றார், பக்கத்தில் மகன். கண்டிக்கும் உரிமை உழைப்பிலிருந்தும் ஊர் மதிப்பிலிருந்தும் வந்ததென்றால், அவை போன பின் எஞ்சுவது குரல் ஒன்றே. பல வாப்பாமாரின் குரல் உயர்ந்தது, வேறு பலர் பேச்சையே விட்டுவிட்டனர்.

இரண்டாவது, பணிவு ஒரு பாதுகாப்பாயிற்று. தில்லையடியிலும் புத்தளம் நகரிலும் இக்குடும்பங்களோடு பழகியபோது நான் மீண்டும் மீண்டும் கேட்ட வாக்கியம்: “நாங்க வந்த ஆக்கள், பார்த்து நட.” பாடசாலையில் இடம், தொழில், பல்கலைக்கழகப் பிரவேசத்தின் மாவட்ட ஒதுக்கீடு ஆகியவற்றில் உள்ளூராருக்கும் வந்தோருக்குமிடையே புகைச்சல் இருந்தது. ‘அகதி’ என்ற சொல் வகுப்பறைக்குள்ளும் வந்தது. இதனால் சோனகத் தெருவில் வாயாடியாக வளர்ந்த உம்மா, தன் பிள்ளைக்கு வாய் பொத்தக் கற்பித்தாள். அடக்குமுறை பற்றி இப்னு கல்தூன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த உம்மாவின் ‘வளர்ப்பு முறை’ எந்த நூலிலிருந்தும் வந்ததன்று.

மூன்றாவது, பெண்பிள்ளை. கிடுகுத் தட்டிக்கு அப்பால் அந்நியக் குடும்பம், பொதுக் கழிப்பிடத்துக்குத் தனியே போக வேண்டிய இரவு. இந்நிலையில் மகளின் வயது பெற்றோருக்குப் பயமாக மாறியது. படிப்பை நிறுத்தி இளவயதில் மணம் முடித்துக் கொடுத்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதெல்லை எதையும் விதிக்காமலே ஆக்கப்பட்டது அதற்கு வசதியாயிற்று. இதை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்தியோரும், மார்க்கத்தின் குற்றமாகக் காட்டியோரும் ஒரே தவறைச் செய்கின்றனர். சுவரில்லாத வீட்டை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக அப்பெண்பிள்ளைகள் இழந்த பள்ளிக்கூட ஆண்டுகள் இழப்பல்ல என்றாகிவிடாது. காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, விளைவை மன்னிப்பது வேறு.

நான்காவது, ஊர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐந்து சந்தியும் முஸ்லிம் கல்லூரி வீதியும் பெரிய பள்ளியும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டன. “எந்த ஊர்?” என்று கேட்டால் “யாழ்ப்பாணம்” என்று சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளை, அந்த ஊரைக் கண்டதில்லை. பெற்றோருக்கு அது நினைவு, பிள்ளைக்கு அது கடமை. அதே வேளை, புத்தளத்திலேயே நன்றாகப் படித்து நிமிர வேண்டும் என்றும் அதனிடம் எதிர்பார்க்கப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிப் போகும் வழி திறந்தபோது, பிள்ளைகளின் படிப்பை எண்ணி ஒரு காலைப் புத்தளத்திலேயே வைத்திருந்த குடும்பங்கள் பல. ஊரை நேசிக்கக் கற்பித்த பெற்றோர், பிள்ளை அங்கே வர விரும்பாதபோது துரோகம் இழைக்கப்பட்டதாக உணர்ந்தனர். பிள்ளையோ தன் ஊரைத் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று நினைத்தது.

*

இந்தக் கடைசி முரண்பாட்டை நமது எழுத்து எவ்வளவு தூரம் பதிவு செய்தது? முல்லை முஸ்ரிபா முதலிய வடபுலக் கவிஞர்கள் இழந்த நிலத்தை அழுத்தமாகப் பாடினர். அது அவசியமான பணி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தம் மக்களின் வெளியேற்றத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து ஆவணமாக்கினார். ஆனால் வீட்டுக்குள் நடந்ததை, அதாவது நினைவைச் சுமத்தியவருக்கும் சுமந்தவருக்கும் இடையில் நடந்ததை, இரு தலைமுறையிடமும் தனித்தனியே கேட்டு எழுதியவர் மானிடவியலாளர் சரிகா திராணகம. 2011இல் ஆங்கிலத்தில் வந்த அவரது நூல், யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே ‘ஊர்’ என்னும் சொல் பெற்றோரிடம் ஒரு பொருளும் பிள்ளைகளிடம் வேறொரு பொருளும் கொண்டதை நுணுக்கமாகப் பேசுகிறது. அவர் யாழ்ப்பாணத் தமிழ்த் தாயின் மகள், 1989இல் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவின் மகள். அவர் எழுதியது நமக்குக் கிடைத்த கொடை. அதே விடயம் நமது கதைகளில், நமது பேச்சுத் தமிழில், போதிய அளவு வரவில்லை என்பது நமது குறை.

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமே ஒரு பிள்ளையின் கதைதான். சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) மிஸ்ருப் பெற்றோரிடமிருந்து கவர்ந்து செல்லப்பட்டு, இந்தியாவில் வளரும் குழந்தையைப் பற்றியது. பிரிந்த பெற்றோரோடு சேர்வதில் அக்கதை நிறைவு காண்கிறது. 1990இன் பிள்ளை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படவில்லை. இருவரிடமிருந்தும் ஊர் பிரிக்கப்பட்டது. ஒரே கொட்டிலுக்குள் இருந்துகொண்டே அவர்கள் ஒருவரையொருவர் இழந்த கதைக்கு அசன்பேயின் வழியிலான முடிவு பொருந்தாது. புதிய எடுத்துரைப்பு ஒன்று வேண்டியிருக்கிறது.

வெளியேற்றத்தின்போது கைக்குழந்தையாக இருந்தவர்களும், அதற்கடுத்த ஆண்டுகளில் முகாமில் பிறந்தவர்களும் இன்று வாப்பாக்கள், உம்மாக்கள். “பார்த்து நட” என்று கேட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள்? 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் பெயரோடு வீதியில் நடப்பதே கடினமாயிருந்த நாட்களில், அதே வாக்கியம் நாடு முழுவதும் நம் வீடுகளுக்குள் திரும்பி வந்ததை நான் கவனித்தேன். ஆக, யாழ்ப்பாண முஸ்லிம்களின் வளர்ப்பு அனுபவம் வடக்கோடு முடிந்த ஒன்றல்ல. பயத்தோடு பிள்ளை வளர்க்க நேர்ந்த எல்லோருக்கும் அது முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது.

நமது படைப்பாளிகளிடம் நான் வேண்டுவது இதுதான். பெற்றோரைக் குற்றக்கூண்டில் நிறுத்தும் கதையும் அவர்களை மிம்பரில் ஏற்றும் கதையும் போதிய அளவு வந்துவிட்டன. அந்த வாப்பா நிவாரண வரிசையில் நின்ற நாளில் மகன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான், மகளின் பாடசாலைச் சீருடையை மடித்து வைத்த இரவில் உம்மா யாரோடு என்ன பேசினாள் என்பவற்றை எழுதுங்கள். தில்லையடியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதை எழுதக் கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளேதான். புத்திமதியை அடுத்த பெற்றார் கூட்டத்துக்கு விட்டுவிடலாம். அக்கூட்டத்திலும்கூட, பேச எழும்புபவர் அஸீஸ் 1945இல் செய்ததை ஒருமுறை எண்ணிவிட்டு எழும்பினால் நல்லது.